கேப் ஏன் கழன்று விழுகிறது? பல்லோடு எது, எப்படி ஒட்டுகிறது என்பதற்கு முழுமையான வழிகாட்டி

“கேப் கழன்றுவிட்டது, நல்ல பசையாகப் போட்டு ஒட்டித் தாருங்கள்.” சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கும் எனக்கு இது மிகவும் பழகிய கோரிக்கை. தீபாவளியை ஒட்டி முறுக்கும் அதிரசமும் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருக்கும் வாரங்களில் இன்னும் அதிகமாகக் கேட்கும். வருபவர்கள் எல்லோருக்கும் பசை மேல்தான் கவலை. ஆனால் பல்லில் ஒன்றை ஒட்டும்போது பசையின் முறை கடைசியில்தான் வருகிறது. முதலில் பல்லின் மேற்பரப்பு, அப்புறம் ஈரம், அடுத்து ஒட்டப்போகும் பொருளின் மேற்பரப்பு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் சாதாரண சிமெண்ட்கூடப் பல வருடம் பிடித்து நிற்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் விலை உயர்ந்த பசை ஒரு வருடம் தாங்காமல் போகலாம்.

கேப் (பல்லை மூடும் உறை), வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), பல் நிற ஃபில்லிங் இவற்றில் ஏதாவது செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பல் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளும், புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளும் படித்தால் எனக்கு மகிழ்ச்சி. இதிலுள்ள எதையும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். நாற்காலியில் படுத்திருக்கும்போது என்ன நடக்கிறது, எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

படி 1: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒட்டும் வலிமையை மெகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பை ஒரு நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 100 கிராம் எடை, இழுத்தால் அது 1 மெகாபாஸ்கல். பல்லின் வெளி அடுக்கான எனாமலில் நன்றாக ஒட்டிய கம்போசிட், அதாவது பல் நிற ஃபில்லிங் பொருள், 20 மெகாபாஸ்கல் தாங்குகிறது என்றால், அந்த ஒட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமார் 2 கிலோ எடையைத் தாங்குகிறது என்று பொருள். பின்பற்களால் ஓங்கிக் கடிக்கும்போது 500 நியூட்டனுக்கும் மேல் விசை வரும் என்பதை இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு முறையில், பல்லைத் தட்டையாகத் தேய்த்து, அதன்மேல் கம்போசிட்டால் சிறிய உருளை ஒன்றை ஒட்டி, பக்கவாட்டில் கத்தி போன்ற தகட்டால் தள்ளி உடைப்பார்கள். இன்னொரு முறையை 1994-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தினார்கள். ஒட்டிய பல்லைச் சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உள்ள குச்சிகளாக அறுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். பரப்பு சிறியதாக இருந்தால் அதற்குள் காற்றுக்குமிழியோ விரிசலோ இருக்கும் வாய்ப்பு குறைவு, அதனால் எண் பெரிதாக வரும். ஒரே பசைக்கு முதல் முறையில் 20-க்குக் கீழும் இரண்டாவது முறையில் 40-க்கு மேலும் வரலாம். இரண்டு கம்பெனிகளின் எண்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சோதனையில் வந்தவையா என்று பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

அடுத்தது வயது. ஒட்டி 24 மணி நேரத்தில் எடுத்த எண் அழகாக இருக்கும். அதே மாதிரியை 5 டிகிரி, 55 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் மாற்றி மாற்றி முக்கியெடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதே எனக்கு முக்கியம். இப்படி 10,000 முறை முக்குவதை வாயில் ஒரு வருடத்துக்குச் சமமாகக் கணக்கு வைப்பது வழக்கம். ஐஸ் கச்சாங் சாப்பிட்ட கையோடு தே தாரே குடிக்கும் ஊரில் இந்தச் சோதனை வெறும் கற்பனை இல்லை.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குக் கிளாஸ் அயனோமர் நல்ல சாட்சி. லண்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் வெளியுலகுக்கு வந்த சிமெண்ட் அது. ஆய்வகத்தில் அதன் எண் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். ஆனால் ஈறு ஓரத்தில் தேய்ந்துபோன பற்களில் போட்ட ஃபில்லிங்குகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், அதிகம் விழாமல் தாக்குப்பிடித்தவற்றில் அதுவும் ஒன்று. சோதனையில் இழுக்கும்போது பல்லோடு இருக்கும் ஒட்டு விடுவதற்கு முன்பே சிமெண்ட் தனக்குள்ளேயே உடைந்துவிடுகிறது. அதனால் அந்த எண் சிமெண்ட்டின் உள்வலிமையைத்தான் காட்டுகிறது. பல்லில் உள்ள கால்சியத்தோடு அதற்கு வேதிப் பிணைப்பு உண்டு, கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். எந்த ஆய்வு முடிவைப் படித்தாலும் “எவ்வளவு?” என்பதோடு நிறுத்தாமல் “எங்கே உடைந்தது?” என்றும் பாருங்கள்.

படி 2: பல்லின் பக்கம்

எனாமல் எடையளவில் 96 சதவீதம் கனிமம். ஒட்டுவதற்கு இவ்வளவு தோதான பரப்பு வாயில் வேறு இல்லை. 1955-ல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனகோர், 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினால் அதன்மேல் அக்ரிலிக் பிடித்து நிற்கிறது என்று காட்டினார். இன்றைய பல் நிற ஃபில்லிங் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். இப்போது பெரும்பாலும் 37 சதவீத ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைக்கிறோம். கழுவி உலர்த்தினால் பளபளப்பு போய், பனி படர்ந்த கண்ணாடிபோல் வெண்மையாகத் தெரியும். அது தெரியாவிட்டால் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அந்தப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஃபுளோரைடு ஏறிய எனாமலை அமிலம் அவ்வளவு எளிதில் அரிக்காது. மேல்பரப்பை லேசாகச் சீவியோ அமில நேரத்தைக் கூட்டியோதான் செய்ய வேண்டியிருக்கும். வெனீர் போட நினைப்பவர்கள் இந்த ஊர் விவரத்தைத் தாங்களாகவே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் வேறு ரகம். எடையில் சுமார் 70 சதவீதம் கனிமம், 20 சதவீதம் கொலாஜன் முதலான உயிர்ப்பொருள், 10 சதவீதம் தண்ணீர். உள்ளே நுண்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றின் வழியே பல்லின் உள்ளிருந்து ஈரம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். டிரில் போட்ட பிறகு மேலே அரைத்த தூளாலான மெல்லிய படலம் வேறு ஒட்டிக்கிடக்கும். நனைந்த இடத்தில், தூசு படிந்த பரப்பில், தண்ணீரை வெறுக்கும் பிசினை (ரெசினை) ஒட்ட வேண்டும். கஷ்டம் எங்கே என்று புரிகிறதல்லவா?

இதற்கு வழி 1982-ல் ஜப்பானில் நகபயாஷியின் ஆய்வில் தெளிவானது. அமிலத்தால் மேல் சில மைக்ரான் ஆழத்துக்குக் கனிமத்தைக் கரைத்தால் கொலாஜன் நார்கள் மட்டும் வலைபோல் மிஞ்சும். அந்த வலைக்குள் பிசின் ஊறி இறுகினால் பாதி பல்லும் பாதி பிசினுமாக ஒரு அடுக்கு உருவாகும். ஹைபிரிட் லேயர் என்பது இதைத்தான். பிடிமானமெல்லாம் அங்கேதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். சூடாகப் பிழிந்த இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றினால் இழை இழையாக உள்ளே இறங்கும். அதையே மின்விசிறிக்கடியில் காயவிட்டுவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து, பால் மேலேயே நிற்கும். கொலாஜன் வலையும் அப்படித்தான். அமிலத்தைக் கழுவிய பிறகு டென்டினைக் காற்றடித்து நன்றாகக் காயவைத்தால் வலை படுத்துவிடும், பிசின் உள்ளே போகாது, கூச்சமும் வரும். குளம்போல் தண்ணீர் நின்றாலும் பிசின் நீர்த்துப்போகும். அதனால் கைதேர்ந்தவர்கள் காற்றை நேராக அடிக்காமல் சிறிய பஞ்சாலோ ஸ்பாஞ்சாலோ ஒற்றியெடுப்பார்கள். பரப்பு மினுமினுவென்று இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. பிறகு பாண்டிங் திரவத்தை, அதாவது கரைப்பானில் கரைத்த பிசினை, தொட்ட நுண்தூரிகையால் சுமார் 20 விநாடி அழுத்தித் தேய்ப்பார்கள். மேலே தடவிவிட்டால் மட்டும் போதாது, தேய்த்தால்தான் உள்ளே இறங்கும். அடுத்து மெதுவாகக் காற்றடித்து அதிலுள்ள ஆல்கஹாலையோ அசிட்டோனையோ வெளியேற்ற வேண்டும். காற்றடிக்கும்போது திரவம் அலையடித்து நகர்ந்தால் இன்னும் கரைப்பான் மிச்சம் இருக்கிறது. அசையாமல் பளபளவென்று ஒரே படலமாக நின்ற பிறகுதான் பிசினை இறுகவைக்கும் நீல லைட். இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்படுபவரிடம் எவ்வளவு நல்ல பாட்டிலைக் கொடுத்தாலும் பயனில்லை.

டென்டினில் அமில ஜெல் 15 விநாடிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆழமாக அரித்துவிட்டால் பிசின் அடிவரை போய்ச்சேராது, அடியில் வெறும் கொலாஜன் மிஞ்சும். நாளடைவில் தண்ணீரும், டென்டினிலேயே இருக்கும் நொதிகளும் அந்தக் கொலாஜனைச் சிதைக்கும். ஒட்டிய அன்று நன்றாக இருந்தது சில வருடங்களில் பலவீனமாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் தனியாக அமிலம் வைத்துக் கழுவாத செல்ஃப் எட்ச் வகைகள் வந்தன. அவற்றில் நல்லவற்றின் உயிர்நாடி 10-எம்டிபி என்ற மூலக்கூறு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் குராரே நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு முனை கால்சியத்தைப் பிடிக்கும், மறுமுனை பிசினோடு சேரும். இன்று யுனிவர்சல் என்ற பெயரில் வரும் பாண்டிங்குகளில் பலவற்றில் இது இருக்கிறது. ஆனால் இதன் மெல்லிய அமிலத்தன்மை எனாமலுக்குப் போதாது. ஆகவே ஓரத்து எனாமலில் மட்டும் பாஸ்பாரிக் ஜெல் வைத்து, டென்டினை அதற்கே விட்டுவிடுவதே இப்போதைக்குச் சிறந்த வழி என்பது என் எண்ணம். ஜெல்லைப் பேனாவால் கோடு இழுப்பதுபோல் ஓரத்தில் மட்டும் வைக்கும் டாக்டரைப் பார்த்தால் நம்பி வாய் திறக்கலாம்.

வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கல். வருடக்கணக்காகப் பாக்கு மென்றோ தூக்கத்தில் பல்லைக் கடித்தோ எனாமல் தேய்ந்து, வெளியே தெரியும் டென்டின் மஞ்சளாகிக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். நுண்குழாய்களெல்லாம் கனிமத்தால் அடைத்திருக்கும். அதில் எந்தப் பாண்டிங்கும் இளம்பல்லில் ஒட்டும் அளவுக்கு ஒட்டாது. சொத்தையைச் சுரண்டிய இடத்தின் அடித்தளமும் அப்படித்தான். சுற்றிலும் நல்ல எனாமல் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அதுதான் காப்பு.

படி 3: ஈரம்

சிங்கப்பூரில் காற்றே ஈரம். கிளினிக்கின் ஏர்கான் அதைக் குறைத்தாலும், வாய்க்குள் ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய முழு ஈரப்பதத்தோடு வெளியே வருகிறது. எச்சிலிலும் ரத்தத்திலும் உள்ள புரதம் ஒரு துளி பட்டாலும் அரித்த பரப்பை மூடிவிடும். அதற்குத்தான் ரப்பர் டேம் என்ற அந்தப் பச்சை அல்லது நீல ரப்பர் திரை. சிலர் மூச்சு முட்டுகிறது என்று வேண்டாம் என்பார்கள். மூக்கால் மூச்சு விடப் பழகிவிட்டால் ஒன்றும் செய்யாது, தயவுசெய்து மறுக்காதீர்கள். ரப்பர் டேம் போட முடியாத ஆழத்தில், ஈறுக்குக் கீழே ஓரம் போகிறது என்றால், பிசினை விட்டுவிட்டு ஈரம் தாங்கும் சிமெண்ட்டுக்கு மாறுவதுதான் நேர்மையான முடிவு.

உதவியாளர்களுக்கு இரண்டு விஷயம். பாண்டிங் பாட்டிலைச் சொட்டியவுடன் மூட வேண்டும். மூடி திறந்து கிடந்தால் கரைப்பான் ஆவியாகி, உள்ளே இருப்பது வேறு பொருளாகிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே சொட்ட வேண்டும். குளிர்ந்த நிலையில் திரவம் கெட்டியாக இருக்கும், சரியாக ஊறாது, நம்மூர்க் காற்றில் அதன்மேல் நீரும் பூக்கும்.

படி 4: கேப்பின் பக்கம்

இங்கேதான் நிறைய கேப்கள் தோற்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் உட்புறத்தில் தனி மருந்து. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குச் செய்தால் பயன் பூஜ்யம்.

லித்தியம் டைசிலிகேட் போன்ற கண்ணாடி வகைப் பீங்கான்: ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இதிலுள்ள கண்ணாடியை அரித்து நுண்பள்ளங்கள் உண்டாக்கும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீத அமிலம் 20 விநாடி போதும். பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கானுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். அதிக நேரம் வைத்தால் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தவறு, பீங்கான் பலவீனமாகும். பிறகு சைலேன் தடவி ஒரு நிமிடம் விட வேண்டும். சைலேனின் ஒரு கை பீங்கானின் சிலிக்காவையும் மறுகை பிசினையும் பிடிக்கிறது. இந்த அமிலம் தோலுக்கும் கண்ணுக்கும் மிக ஆபத்து என்பதால் வாய்க்கு வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும்.

சிர்கோனியா: இதுவும் வெள்ளைப் பீங்கான் வகைதான், ஆனால் இதில் கண்ணாடியே இல்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை மேலே சொன்ன மாதிரி வைத்தால் ஒன்றும் நடக்காது, சைலேனுக்கும் பிடிக்க எதுவுமில்லை. 50 மைக்ரான் அலுமினாத் துகளை 1 முதல் 2 பார் வரையான குறைந்த அழுத்தத்தில் உட்புறத்தில் அடித்து, அதன்மேல் எம்டிபி உள்ள பிரைமர், அதாவது ஒட்டுவதற்கு முன் பூசும் திரவம், தடவ வேண்டும். எம்டிபியின் பாஸ்பேட் முனை சிர்கோனியாவைப் பிடிக்கும். ஆனால் எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு. வாயில் பொருத்திப் பார்க்கும்போதே எச்சிலின் பாஸ்பேட் முந்திப்போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது. பாஸ்பாரிக் ஜெல்லால் துடைத்தால் பாஸ்பேட்டை இன்னும் சேர்த்ததாகும். இதற்கென்றே உள்ள சுத்திகரிப்புப் பசையைத் தடவிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பொருத்திப் பார்த்த பிறகு மறுபடி துகள் அடிக்க வேண்டும். சிர்கோனியாவில் ஒட்டாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள்.

உலோகம்: நிக்கல், கோபால்ட் கலவைகளுக்குத் துகள் அடித்து எம்டிபி. தங்கக் கலவைக்கு மேற்பரப்பில் ஆக்சைடு இல்லாததால் கந்தகம் சேர்ந்த தனி பிரைமர்.

கம்போசிட் பிளாக்கில் கடைந்த கேப்: துகள் அடித்து சைலேன். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 2015-ல் 3எம் நிறுவனம் தன் லாவா அல்டிமேட் பொருளைக் கேப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையைத் தானே விலக்கிக்கொண்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கேப்கள் கழன்றன. பொருள் உடையவில்லை, ஒட்டுதான் விட்டது. இப்படிப்பட்ட பொருள் பீங்கானைவிட வளைந்து கொடுக்கும், ஒவ்வொரு கடிக்கும் அந்த நெளிவு ஒட்டின்மேல் இறங்கும். கேப்பின் பலம் வேறு, ஒட்டின் பலம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சென்னையிலோ மதுரையிலோ ஜோகூர் பாருவிலோ கேப் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பொருள், எந்தச் சிமெண்ட் என்று எழுதி வாங்கிவாருங்கள். வெள்ளையாக இருக்கும் கேப் சிர்கோனியாவா, லித்தியம் டைசிலிகேட்டா என்று பார்த்த மாத்திரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாத நேரங்கள் உண்டு. தெரியாமல் ஒட்டினால் தவறான மருந்து போய்விடும்.

படி 5: இப்போது சிமெண்ட்

துத்தநாக பாஸ்பேட் சிமெண்ட் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. பல்லோடு வேதிப் பிணைப்பே கிடையாது. கேப்பின் உட்சுவருக்கும் பல்லின் வெளிச்சுவருக்கும் நடுவே இறுகி நின்று கழலவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் இதை வைத்து ஒட்டிய தங்கக் கேப்கள் பல பத்தாண்டுகள் நின்றிருக்கின்றன. காரணம் பல்லைச் செதுக்கிய விதம். சுவர்கள் ஏறக்குறைய இணையாக, சற்றே மேல்நோக்கிக் குறுகி, கடைவாய்ப்பல்லில் குறைந்தது 4 மில்லிமீட்டர் உயரமும் மற்ற பற்களில் 3 மில்லிமீட்டரும் இருந்தால் கேப் நேராக மேலே தூக்கினால்தான் வரும். சுவர் கூம்புபோல் சாய்ந்துவிட்டால் அந்தப் பிடிமானம் மளமளவென்று குறையும்.

ஆக, பல் உயரமாக, சுவர்கள் நேராக இருந்து சிர்கோனியா அல்லது உலோகக் கேப் போடுகிறார்கள் என்றால் கிளாஸ் அயனோமரோ பிசின் கலந்த கிளாஸ் அயனோமரோ தாராளமாகப் போதும். வேலையும் எளிது, ஈறு ஓரத்தில் வழிந்ததை எடுப்பதும் சுலபம். பல் குட்டையாகிவிட்டது, வெனீர், பாதிப் பல்லை மட்டும் மூடும் ஒன்லே, பக்கத்துப் பல்லில் சிறகு ஒட்டித் தொங்கும் மேரிலேண்ட் பாலம், இவற்றுக்கெல்லாம் பிசின் சிமெண்ட்டைத் தவிர வேறு வழியில்லை. அங்கே வடிவத்தின் உதவி இல்லாததால் முழுச் சுமையும் ஒட்டின்மேல்தான்.

தானே ஒட்டும் ரகம் என்று ஒன்று உண்டு. தனியாகப் பாண்டிங் வேண்டாம், கலந்து வைத்தால் போதும். வசதிதான், ஆனால் எனாமலில் அதன் பிடி பாண்டிங் போட்டு ஒட்டும் பிசினைவிடக் குறைவு. வெனீருக்கு அதை எடுத்தால் நான் தயங்குவேன். மெல்லிய வெனீருக்கு லைட்டில் மட்டும் இறுகும் பிசின் நிறம் மாறாமல் இருக்கும். தடித்த கேப்புக்குள் ஒளி போதுமான அளவு போகாது என்பதால் லைட்டிலும் தானாகவும் என இருவழியில் இறுகும் வகை வேண்டும்.

ஃபில்லிங் விஷயத்தில் இன்னொரு சுமை சேரும். கம்போசிட் இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். நாலு சுவரும் ஒரு தரையும் உள்ள குழியில் மொத்தமாக அடைத்து லைட் காட்டினால், சுருங்கும் விசை புத்தம்புது ஒட்டை அப்போதே கிழிக்கப் பார்க்கும். சாதாரணக் கம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைப்பது இதனால்தான். டாக்டர் நேரம் எடுக்கிறார் என்று முணுமுணுக்க வேண்டாம்.

படி 6: ஒட்டவிடாமல் செய்பவை

கிராம்பு எண்ணெய் நம் வீடுகளில் பல்வலிக்கு முதல் மருந்து. அதிலுள்ள யூஜெனால் பிசின் இறுகுவதைத் தடுக்கும். தற்காலிகச் சிமெண்ட்டுகள் சிலவற்றிலும் அது உண்டு. பிசினால் ஒட்டப்போகும் பல்லில் யூஜெனால் இல்லாத தற்காலிகச் சிமெண்ட்தான் போட வேண்டும். கிராம்பு எண்ணெய் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பல் வெளுப்பு செய்திருந்தால் சுமார் இரண்டு வாரம் கழித்தே ஒட்ட வேண்டும். பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் பிசினை இறுகவிடாது. கல்யாணத்துக்கு வெளுப்பும் வெனீரும் ஒரே வாரத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: ஒட்டிய பிறகு, கழன்ற பிறகு

முதல் 24 மணி நேரம் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தோடோல் வேண்டாம். கிளாஸ் அயனோமர் முழு வலிமைக்கு வர அவ்வளவு நேரமாகும், பிசினும் தொடர்ந்து இறுகிக்கொண்டிருக்கும். பல் இடுக்கு நூலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். ஐஸைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள்.

கேப் கழன்றால் அதைத் தண்ணீரில் அலசி, சிறிய டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். சூப்பர் குளூ போட்டு நீங்களே ஒட்டவே கூடாது. அது கேப் சரியாக உட்காரும் முன்பே இறுகிக் கடியை உயர்த்திவிடும், ஈறையும் புண்ணாக்கும், உட்புறத்தைச் சுத்தம் செய்வதும் பெரும்பாடு. பார்மசியில் கிடைக்கும் தற்காலிகச் சிமெண்ட்டை ஓரிரு நாளைக்கு வைக்கலாம், ஆனால் ஆடும் கேப்போடு தூங்காதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் பெரிய ஆபத்து. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து கேப் உள்ளே போகாது. சாஸ் எனும் அரசாங்க மானியத் திட்டத்தின் பட்டியலில் கழன்றதைத் திரும்ப ஒட்டுவதும் இருக்கிறது. அட்டையைக் கொண்டுவந்து கேளுங்கள்.

கேப்பை டப்பாவில் போடுவதற்கு முன் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள், முடிந்தால் கைப்பேசியில் படம் எடுங்கள். பழைய சிமெண்ட் முழுவதும் கேப்புக்குள்ளேயே இருந்து பல் வெறுமையாக இருந்தால், பல்லின் பக்கம் ஒட்டு விட்டிருக்கிறது. அன்று ஈரம் பட்டிருக்கலாம், டென்டின் ஒத்துழைக்காமல் இருந்திருக்கலாம். கேப்பின் உட்புறம் சுத்தமாகப் பளபளவென்று இருந்து சிமெண்ட் பல்லின்மேல் நின்றால், கேப்பின் பக்கம் செய்ய வேண்டிய வேலை தவறியிருக்கிறது. துகள் அடித்துப் பிரைமர் போட்டார்களா என்று கேட்கலாம். கேப்புக்குள் பல்லின் துண்டே இருந்தால் ஒட்டு தோற்கவில்லை, பல்தான் உடைந்திருக்கிறது. துர்நாற்றமும் கறுப்பும் தெரிந்தால் ஓரம் கசிந்து சொத்தை உள்ளே போயிருக்கிறது. கடைசி இரண்டிலும் பழைய கேப்பை அப்படியே திருப்பி ஒட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

அதே கேப் மறுபடியும் விழுந்தால் சிமெண்ட்டை மாற்றுவதைப் பற்றிப் பேசும் முன், உள்ளே இருக்கும் பல் எவ்வளவு உயரம், சுவர்கள் எவ்வளவு சாய்வு என்று டாக்டரைக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். உயரம் போதாதென்றால் பல்லின் பக்கங்களில் பள்ளம் வெட்டிப் புதிய கேப் செய்யலாம், ஈறைச் சற்றுக் கீழே இறக்கி உயரம் கூட்டலாம், அல்லது எனாமலை மிச்சம் வைத்துப் பிசினால் ஒட்டும் ஒன்லேவுக்கு மாறலாம். எது தோது என்று வழக்கமான டாக்டருக்கே தயக்கமாக இருந்தால், தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இதையே சிறப்புப் பாடமாகப் படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் பரிந்துரைக் கடிதத்தோடு போகலாம். போகும்போது அந்த டப்பாவையும், பொருளின் பெயர் எழுதிய காகிதத்தையும், கைப்பேசியில் எடுத்த படத்தையும் மறக்காமல் எடுத்துச்செல்லுங்கள்.